மேடையில் என் வாய் சொன்ன மன்னிப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ அங்கே தவிப்பாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அப்பா ஓய்வு பெற்றாயிற்று, போதகர் வீடு புதுப் போதகருக்குத்தானே, அது நியாயம், அதில் எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளையின் பெண்டாட்டி ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தவள், நான் சமையல் அறையில் நிற்கும்போதே இந்தச் சுவரை இடித்துவிடலாம் என்று சொன்னாள் பார், அதை நான் மறக்கமாட்டேன். அண்ணன் அவன் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறான். டயர் வாடை கட்டில் வரைக்கும் வருகிறது, பழகிவிடும் என்கிறான். அண்ணி நல்லவள்தான், வாய் மட்டும் அவள் அம்மாவுடையது. என் முழங்கால் எப்போதும்போல்தான், மாடிப்படியைப் பார்த்தாலே வலிக்கிறது. சபையில் ஆர்கனை இப்போது பல் டாக்டர் மனைவி வாசிக்கிறாள், பாட்டு முடிந்து நாங்கள் உட்கார்ந்த பிறகும் அவள் வாசித்துக்கொண்டே இருக்கிறாள்.

இதெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. உனக்கு ஒரு வீடியோ வரும், இதற்குள் வந்தும் இருக்கலாம். எங்களுக்குச் சபையில் எடுத்த பாராட்டு விழா. அதில் உன் அம்மா மைக் முன்னால் நின்று, மரக்கடைக்காரரை நாங்கள் மன்னித்துவிட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவாள். குரல் என்னுடையதுதான், இல்லை என்று சொல்லமுடியாது. சொன்னது நான் இல்லை. அது எப்படி நடந்தது என்று தெரியாமல் நீ அதைப் பார்த்தால், அம்மாவும் கடைசியில் அந்த ஆள் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாய். அந்த நினைப்போடு நீ ஒரு நாள் இருப்பதும் எனக்குத் தாங்காது. போனில் சொல்லலாம் என்றால், சபை என்ற பேச்சு வந்ததும் குழந்தை அழுகிறாள் என்று வைத்துவிடுவாய், அந்தக் குழந்தை அழுது நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணன் மகள், நீங்க எழுதிக் கொடுங்க பாட்டி, போட்டோ எடுத்து ஒரே நொடியில அத்தைக்கு அனுப்பிடறேன் என்கிறாள். அவள் படித்தால் அண்ணி படித்தாற்போல, அண்ணி படித்தால் சபையே படித்தாற்போல, அதனால் வேண்டாம் என்று விட்டேன். தபாலில்தான் வரும். நாலாவதோடு நிறுத்தினவள், என் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி ஊரும், வீடியோ என்னை முந்திக்கொண்டு போய்விடும். என்ன செய்வது.

அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும், குரல் கம்மியிருக்கிறது, சரியாகிவிடும் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே வந்தோம். சரியாகாது. டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார், அப்பாதான் உனக்குச் சொல்லாதே என்றார். கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டு இருந்ததாம், கட்டியை எடுக்க நரம்பையும் எடுக்கவேண்டி வந்ததாம். அதைச் சொல்ல வந்த டாக்டர் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது, அப்பா அவன் தோளைத் தட்டிக்கொடுக்கிறார், குரல் போனது யாருக்கோ என்கிற மாதிரி. இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. காதை அவர் வாயோடு ஒட்டி வைத்தால் எனக்குப் புரியும், வேறு ஒருவருக்கும் புரியாது. எழுதிக் காட்டலாமே என்பாய், அவர் கை நடுக்கம் நீ இங்கே இருக்கும்போதே தொடங்கியதுதானே, இப்போது அவர் எழுதினதை அவராலேயே படிக்க முடியாது. அதனால் நான்தான் அவருக்கு வாய். நோயாளி வீட்டுக்குப் போனால் அவர் என் காதில் ஜெபிப்பார், நான் அதைச் சத்தமாகச் சொல்லுவேன். முதலில் கூச்சமாக இருந்தது, இவ்வளவு காலம் எனக்கென்று இருந்த வாயை இன்னொருத்தருக்குக் கொடுப்பது லேசா, ஆனால் வீட்டு மனிதர்கள் அவர் பேசுகிற மாதிரியே கேட்டுக்கொண்டார்கள், எனக்கும் பழகிப்போனது. அவர் சொல்வதில் ஒன்றும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, அது எங்களுக்குள் பேச்சு. ஒரே ஒரு தடவை தையற்கார அக்காவின் வீட்டுக்காரருக்கு ஈரல் சரியாக ஜெபிக்கும்போது, இந்தக் குடியையும் விடச் செய்யும் ஆண்டவரே என்று நானாகச் சேர்த்துவிட்டேன். அப்பா என் கையைக் கிள்ளினார், தையற்கார அக்கா மட்டும் ஆமென் என்று கூரை அதிரச் சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். ஐயாவும் அம்மாவும் முப்பத்தெட்டு வருஷம் இந்தச் சபைக்கு உழைச்சிருக்கீங்க, சும்மா அனுப்ப எங்களுக்கு மனசு வரல, ஒரு பாராட்டு விழா வைக்கிறோம் என்றார்கள். யார் தலைமை என்று கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கமிட்டித் தலைவர் மரக்கடைக்காரர், பிறகு வேறு யார் தலைமை. எனக்கு ரத்தம் கொதித்தது, அந்த ஆளோடு ஒரு மேடையில் நான் உட்காரமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அதற்குள் அப்பா என் காதுக்கு வந்துவிட்டார். ரொம்ப சந்தோஷம், ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லு என்கிறார். நான் என்ன செய்ய, ரொம்ப சந்தோஷம், ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்றார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். என் மறுப்பைச் சொல்ல வேண்டிய வாயால் அவருடைய சந்தோஷத்தைச் சொன்னேன், அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

விழா அன்று வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். எங்களிடம் நல்ல படம் இல்லை என்று அண்ணன் கல்யாணப் படத்திலிருந்து எங்கள் இரண்டு பேரை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தில் நீ எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருப்பாய் அல்லவா, உன்னை வெட்டிவிட்டார்கள், கை மட்டும் என் தோளில் இருந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம், அது யார் கைம்மா என்று கேட்டார்கள். என் மகள் கை என்று எல்லோருக்கும் சொன்னேன், மரக்கடைக்காரர் காதில் விழுகிற மாதிரி இரண்டு தடவை சொன்னேன். அவர் பூங்கொத்தை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

பிறகு பேச்சு. பழைய ஹெட்மாஸ்டர் எழுந்து, சபைக் கூரை விழும் நிலையில இருந்தப்போ நம்ம தலைவர் மரம் தந்தார், ஐயா அதை நின்னு கட்டினார் என்றார். காயாத மரத்தைத் தள்ளிவிட்டார் என்று ஏன் சொல்லவில்லை, உடுப்பு மாற்றும் அறைக்கதவு இன்றைக்கும் மூடாது, அப்பா முப்பது வருஷமாகக் கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அங்கி மாட்டினார். அடுத்தவர், ஐயாவுக்கு நிழல்போல் நின்ற அம்மா என்றார். அதோடு என் கதை முடிந்தது, அடுத்த வரியில் மறுபடி ஐயா. நான் எங்கே நிழலாக நின்றேன். பெண்கள் கூட்டத்தை யார் நடத்தினது, பிரசவத்துக்குத் துணையில்லாதவளோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் உட்கார்ந்தது, பெற்ற தாயே பார்க்கப் போகாத பிள்ளையைச் சிறையில் போய் யார் பார்த்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை பேசினார், மற்ற கிழமைகளில் சபையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன், அவரும் அதை இல்லை என்று சொல்லமாட்டார். அவர் பெருமைக்காரர் இல்லை, அது ஒன்றுதான் அவரிடம் கோபப்பட இடம் கொடுக்காத குணம். எனக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்பது வரைக்கும் நினைவில் இருக்கிறது, அவருக்கு நேற்று யார் திட்டினது என்பது மறந்துபோயிருக்கும். இரண்டு பேரும் ஒரு வீட்டில் எப்படி இருந்தோமோ.

கடைசியில் எங்களை மைக் பக்கம் கூப்பிட்டார்கள். அவர் என் காதில் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். தச்சருக்கு நன்றி, தண்ணீர் மோட்டாரைக் கெஞ்சிக் கெஞ்சி ஓடவைத்த எலக்ட்ரீஷியனுக்கு நன்றி, பிரசங்கம் நீளும்போது தூங்காமல் இருந்தவர்களுக்கு நன்றி, தூங்கினவர்களுக்கு அதைவிட நன்றி, குறட்டை விடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் காற்று அவர் சிரிப்போடு சேர்ந்து என் காதில் சுட்டது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்போது அவர் சொன்னார். தலைவர் அன்னைக்கு நம்ம பிள்ளை விஷயத்துல எழுந்து நின்னதை நாங்க ரெண்டு பேரும் மனசார மன்னிச்சுட்டோம், எங்களுக்கு அவர் மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லு.

உனக்குத் தெரியாத கதை இல்லை பாப்பா, ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. கல்யாண அறிவிப்பு மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கவேண்டும், தடை இருக்கிறவர்கள் எழுந்து சொல்லவேண்டும், அதுதானே ஒழுங்கு. பெற்ற அப்பாவே மகளுடைய அறிவிப்பை வாசித்தார். இரண்டு ஞாயிறு நல்லபடியாகப் போனது. மூன்றாவதையும் வாசித்து முடித்துவிட்டுத் தடை உண்டா என்று கேட்டுக்கொண்டே அப்பா பக்கத்தைத் திருப்புகிறார், தடை சொல்ல ஒருத்தர் எழுந்து ஒரு நாளும் யாரும் பார்த்ததில்லையே. நாலாவது பெஞ்சில் மரக்கடைக்காரர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்தார், அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இந்தப் பொண்ணு ஏற்கெனவே என் பையனுக்கு வாக்குக் கொடுத்திருக்கு, அதை முடிக்காம இது எப்படி நடக்கும் என்றார். என்ன வாக்கு. அவர் பையனுக்குப் பெண் கேட்டு நம் வீட்டுக்கு வந்தார், நீ டீயைக் கொடுத்துவிட்டு எனக்கு இஷ்டமில்லைங்க மாமா என்று நேராகச் சொன்னாய், அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார், நான் கூடத்தான் நின்றேன். அதற்குப் பழி வாங்கினார். பொய், பொய் என்று பெண்கள் பக்கத்திலிருந்து நான் கத்தினேன், பெத்தவ வேற எப்படிச் சொல்லுவா என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள், அவள் யார் என்றும் தெரியும். அப்பா புத்தகத்தை மூடினார். தடை வந்தால் நிறுத்தி விசாரிக்கவேண்டும், ஊரார் பிள்ளைக்கு அப்படித்தானே செய்வேன் என்றார். மாப்பிள்ளை வீட்டார் பக்கவாசல் வழியாகப் போய்விட்டார்கள். நீ ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தாய். அடுத்த பாட்டை வாசித்தாய், ஒரு சுரம் பிசகாமல் கடைசி வரைக்கும் வாசித்தாய், மூடியைச் சாத்திவிட்டு இறங்கினாய், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. விசாரித்தார்கள் விசாரித்தார்கள், கடைசியில் ஒன்றும் நிரூபணமாகவில்லை என்றார்கள். பொய் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. நின்ற கல்யாணம் நின்றதுதான், நீ ஊரைவிட்டுப் போய் அங்கே இந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாய், இப்போது உன் பிள்ளையைப் போனில் கண்ணாடிச் சதுரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதை மன்னித்துவிட்டோம் என்று சொல்லச் சொல்கிறார், அதுவும் நாங்கள் இரண்டு பேரும் என்று. நான் பேசவில்லை. கூட்டம் முழுக்கப் பார்க்கிறது. நான் உருகிப்போய் நிற்கிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்பா மறுபடி சொன்னார், மூச்சு போதாமல் இருமல் வந்துவிட்டது, இருமிக்கொண்டே மறுபடியும் சொன்னார். திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருக்கிறது, உதடு அசைகிறது, ஒரு சத்தமும் இல்லை, கண் என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் சொன்னால்தான் அவர் பேச்சு, சொல்லாவிட்டால் அவர் தொண்டையை நானே நெரித்தது போல. பாப்பா, நான் சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் பேசின மனிதரை முந்நூறு பேருக்கு முன்னால் ஊமையாக்க எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ பார்க்கவேண்டாம் என்கிறேன். மரக்கடைக்காரர் மேடைக்கு ஏறி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மைக்கை வாங்கினார். அன்னைக்கு நான் சபை ஒழுங்குக்காகத்தான் எழுந்தேன், ஏதோ சின்ன மனஸ்தாபம், ஐயாவும் அம்மாவும் பெரிய மனசு பண்ணி மறந்துட்டாங்க, நானும் மறந்துட்டேன் என்றார். நானும் மறந்துட்டேனாம். நாம் அவருக்கு ஏதோ செய்தது போலவும் அவர் அதைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது போலவும். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிறகு கேக் வெட்டினார்கள், அவர் இரண்டு துண்டு சாப்பிட்டார். கீழே இறங்கினால் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைப் பிடிக்கிறாள், அம்மா உங்களுக்கு என்ன மனசு, எங்களால முடியுமா என்கிறாள். தையற்கார அக்கா மட்டும் கிட்ட வந்து, நீங்களாம்மா சொன்னீங்க என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவளுக்கு மட்டும் சொன்னால் ஆகிவிட்டதா, முந்நூறு பேர் வீட்டுக்கும் நடக்கவா, என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில். மன்னித்துவிட்டோம் என்று நாமே சொன்ன பிறகு, சரி, அந்தப் பெண் பேரிலும் ஏதோ இருந்திருக்கும்போல என்றுதானே கேட்பவர்கள் நினைப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விழாவில் கொடுத்த கேடயத்தைப் பெட்டிகளுக்கு நடுவில் போட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன். உங்க பங்கை நீங்க மன்னிச்சுக்கோங்க, யார் தடுத்தா, என் பங்கை யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க, பிள்ளையோட பங்கு எங்கிட்டயே இல்ல, அது உங்ககிட்ட எப்படி வந்துச்சு என்று கேட்டேன். அந்த ஆள் சொன்னது பொய்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா உங்க மூச்சு நின்னுபோயிருக்குமா என்றும் கேட்டுவிட்டேன். அவர் கேடயத்தை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார், அதை அவரே சொல்லிடுவார்னு நெனச்சேன்.

உனக்குப் புரிந்ததா. அது அவர் வழி. தப்புச் செய்தவனிடம் போய் அவர் ஒரு நாளும் ஏன் செய்தாய் என்று கேட்டதில்லை. முதலில் மன்னிப்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார், மீதியை அவனே கொண்டுவருவான் என்பார். சபை ஸ்பீக்கர் பெட்டியைத் திருடின பெயின்டர் வீட்டுக்கு இப்படித்தான் போனார், நான் மன்னிச்சுட்டேன்ப்பா, டீ இருந்தா கொடு என்று உட்கார்ந்தார், தண்ணீர் கொதிப்பதற்குள் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து காலில் வைத்து அழுதான். எத்தனையோ வீட்டில் இது பலித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு காலம் மரக்கடைக்காரருக்காகக் காத்திருந்திருக்கிறார். குரல் போய்விட்டது, இனி அந்த ஆள் வீட்டுக்குத் தனியாகப் போய் உட்காரவும் முடியாது, நானும் கூடப் போகமாட்டேன், இந்த மேடைதான் கடைசி வாய்ப்பு என்று நினைத்துவிட்டார். நாம் மன்னித்தோம் என்றால் அவர் அழுதுகொண்டு பொய் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவார், உன் பேர் நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவர் கொடுத்தார், அந்த ஆள் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் அடங்கியிருக்கவேண்டும். அடங்கவில்லை. இனிமே உங்க பேச்சு ஒண்ணும் என் வாயில வராது, வேற ஆளைப் பாருங்க என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. கோபம் இல்லை, அவருக்குக் கோபப்படத் தெரியாது. சோறு போதுமா என்றால் கையைக் காட்டுகிறார், தலையணை வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறார். நானே போய், சரி விடுங்க, ஏதாவது சொல்லுங்க, நான் சொல்றேன் என்று காதைக் கொடுத்தாலும் என் தலையை மெல்லத் தள்ளிவிடுகிறார். மூன்றாவது வீட்டுப் பெண், மகனுக்கு ஆபரேஷன் என்று ஜெபிக்கக் கூட்டிவந்தாள். அப்பா அவன் தலையில் கை வைத்தார், நான் வழக்கம்போல் அவர் வாயோடு காதை வைத்துக் காத்திருந்தேன், ஒரு மூச்சும் வரவில்லை. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள், பையன் ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்க்கிறான். பிறகு நானே எனக்குத் தெரிந்தபடி ஏதோ ஜெபித்தேன், அவர் ஜெபம் மாதிரி அது இல்லை, எனக்கே தெரிந்தது.

புதுப் போதகரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு நிமிஷம் கொடுங்க தம்பி, அன்னைக்கு அந்த ஆள் சொன்னது பொய்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன் என்றேன். அம்மா, முடிஞ்சதைக் கிளற வேண்டாமே, சபை இப்பதான் ஒண்ணா இருக்கு என்றார். மறுபடி கேட்டதற்குக் கமிட்டி அனுமதி வேணும்மா என்றார். கமிட்டிக்குத் தலைவர் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வீடியோவை எடுத்து எல்லோருக்கும் அனுப்பினவன் உன் அண்ணன்தான், அவனிடம் அதை அழிடா என்றேன். போனது போனதும்மா, எங்கெங்கேயோ சுத்துது, எல்லாரும் கை கூப்புற பொம்மை போடறாங்க என்கிறான். அவன் மேல் கோபப்படாதே, அவனுக்குப் பெருமை, அவ்வளவுதான், அவனுக்கு யோசனை எப்போதும் இரண்டு நாள் கழித்துத்தான் வரும்.

இவ்வளவும் எழுதி மடிக்கப்போகிறேன், அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை, உனக்கு இல்லாமல் வேறு யாருக்கு எழுதப்போகிறேன். பிறகு அவராகவே என் காதுக்கு வந்தார். எழுது என்றார். அவ பங்கையும் நான்தான் கொடுத்துட்டேன், அவளைக் கேட்கல, அன்னைக்கும் கேட்கல, இப்பவும் கேட்கல, அவ அதைத் திருப்பி எடுத்துக்கிட்டா எனக்கு வருத்தமில்லன்னு எழுது என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, ஆர்கன்கிட்ட அவ உட்கார்ந்திருந்தா, நான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கல, அதையும் எழுது என்றார். எழுதிவிட்டேன். என் பங்கை நானும் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்று அவரிடம் சொன்னேன், சரி என்று தலையாட்டினார். இதனால் மரக்கடைக்காரருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, சபையில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை, பேனரைக்கூடக் கழற்றி மடித்துவிட்டார்கள். எங்களால் இவ்வளவுதான் முடிந்தது பாப்பா.

நீ மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி, திட்டுவதானாலும் சரி, ஒரு வரி எழுதிப் போடு. அப்பாவுக்குக் குரல்தான் போனது, காது நன்றாகக் கேட்கிறது. நீ எழுதினதை நான் சத்தமாகப் படிக்கிறேன்.

உன்னையும் மாப்பிள்ளையையும் குட்டியையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளை உன்னிடம் எதையும் மறைக்காமல் வளரட்டும், உன் பேச்சைக் கேட்க உனக்கு என்றைக்கும் ஆள் இருக்கட்டும். குட்டிக்குக் குளிர் நாளில் காதை மூடி வை. நீயும் நின்றுகொண்டே சாப்பிடாதே. மறக்காமல் அண்ணன் கடை விலாசத்துக்கு எழுது, இந்த வீட்டுக்கு எழுதினால் எங்கள் கைக்கு வராது.

இப்படிக்கு,
உன் வரிக்காகப் பார்த்திருக்கும்
அம்மா